எது மேல்? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க 24 குறிப்புகள்

மிளகாய்க் காம்பு போட்டால் தயிர் கெட்டியாக உறையும். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றினால் மிளகாய்ச் செடி உயரமாக வளரும். பர்னரை மாற்றினால் சிலிண்டர் நாலு நாள் கூடுதலாக வரும். இப்படி நூறு குறிப்புகள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. அம்மா சொன்னது, பக்கத்து வீட்டில் கேட்டது, பத்திரிகையில் படித்தது என்று சேர்ந்துகொண்டே போகிறது. ஒருமுறை செய்து பார்க்கிறோம். பலித்துவிட்டால் பத்துப் பேரிடம் சொல்கிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

அதைப் பிரித்துப் பார்க்கப் புள்ளியியலில் ஒரு வழி உண்டு. இரண்டு கூட்டங்களை ஒப்பிட்டுச் செய்யும் கருதுகோள் சோதனை என்று அதற்குப் பெயர். புது மருந்தையும் புது விதை ரகத்தையும் இந்த வழியில்தான் ஏற்கிறார்கள், தள்ளுகிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல், சீட்டு எழுதக் கொஞ்சம் காகிதம், கூட்டல் கழித்தல் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். பெரியவர்கள் சொன்ன குறிப்பைச் சோதிப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான். தேறிய குறிப்பை இன்னும் உறுதியாகப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.

தொடங்கும் முன்

1. கேள்வியை ஒரே வரியில் நோட்டில் எழுதுங்கள். "கழுநீர் செடிக்கு நல்லதா?" என்று எழுதினால் விடை கிடைக்காது. "தினமும் ஒரு டம்ளர் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிய மிளகாய்ச் செடிக்கும், குழாய்த் தண்ணீர் ஊற்றிய செடிக்கும் 30-ஆம் நாள் உயரத்தில் வித்தியாசம் இருக்குமா?" என்று எழுதுங்கள். எதை எதோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம், என்றைக்கு அளக்கிறோம் ஆகிய மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

2. "வித்தியாசமே இல்லை" என்பதிலிருந்து தொடங்குங்கள். கடைக்காரர் சாமானை வைக்கும் முன் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, கழுநீரும் ஒன்றுதான், குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான் என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். கிடைக்கும் அளவுகள் முள்ளை நன்றாகச் சாய்த்தால்தான் அதைக் கைவிட வேண்டும்.

3. ஒன்றுக்கு ஒன்று வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே கொதி, கரண்டியால் கிளறியும் விட்டிருக்கிறோம். செடி அப்படி இல்லை. ஒரே பாக்கெட் விதையில் முளைத்து, ஒரே தண்ணீர் குடித்த இரண்டு செடிகளே உயரத்தில் வேறுபடும். ஒரே மாதிரி வளர்த்தவை தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று தெரிந்தால்தான், வேறு மாதிரி வளர்த்ததன் வித்தியாசம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும். இந்த வரி நினைவில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

4. பக்கத்துக்கு மூன்று தொட்டி போதாது, குறைந்தது நான்கு வையுங்கள். ஆறு தொட்டிகளை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிகள் உண்டு. கழுநீருக்கு எந்தச் சக்தியும் இல்லாவிட்டாலும், உயரமான மூன்றும் அந்தப் பக்கமே வந்து சேர 20-ல் 1 வாய்ப்பு இருக்கிறது. மூன்றும் குட்டையாக வந்து சேரவும் அதே 20-ல் 1. இரண்டையும் சேர்த்தால் 10 சதவீதம். எவ்வளவு தெளிவான விளைவு வந்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. நான்கு நான்காகப் பிரித்தால் 70 வழிகள். அதே கணக்கில் 70-ல் 2, ஏறக்குறைய 3 சதவீதம். இடம் இருந்தால் பக்கத்துக்குப் பத்துத் தொட்டி வைப்பது இன்னும் நல்லது.

5. கோட்டை முன்பே போட்டுவிடுங்கள். "சும்மாவே இவ்வளவு வித்தியாசம் வர 20-ல் 1-க்கும் குறைவான வாய்ப்பு இருந்தால் நம்புவேன்" என்று முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 5 சதவீதம் என்ற இந்தக் கோட்டைப் புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1925-ல் வெளியிட்ட தம் நூலில் வசதிக்காகச் சொன்னார். பாடநூலில் மிகைகாண் நிலை என்பார்கள். இது மனிதர்கள் வைத்துக்கொண்ட வரம்பு. நிறையச் செலவு வைக்கும் முடிவென்றால் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் விடையைப் பார்த்த பிறகு கோட்டை நகர்த்தக் கூடாது.

சோதனை நடக்கும்போது

6. எந்தத் தொட்டிக்கு எது என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும். நம் கை தன்னை அறியாமலே நல்ல செடியைத் தேடிப் போகும். எட்டுச் சீட்டு எழுதுங்கள். நான்கில் "கழு", நான்கில் "குழாய்". மடித்துக் குலுக்கி, தொட்டிக்கு ஒன்றாக எடுங்கள்.

சீட்டை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு பாடம் இருக்கிறது. 1930-ல் லானார்க்‌ஷயர் பள்ளிகளில் 10,000 குழந்தைகளுக்குத் தினமும் பால் கொடுத்து, பால் கொடுக்காத 10,000 குழந்தைகளோடு எடையையும் உயரத்தையும் ஒப்பிட்டார்கள். ஒரு பக்கம் நல்ல போஷாக்கான குழந்தைகள் கூடிவிட்டதாகத் தோன்றினால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. மெலிந்த குழந்தையைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் கேட்கும்? இரக்கத்தால் பால் அந்தப் பக்கம் போனது. இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே சமமாக இல்லாமல் போனது. 20,000 குழந்தைகளை அளந்தும் பாலின் பலனைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. கூட்டம் பெரிதாக இருப்பது குலுக்கலுக்கு ஈடாகாது.

7. இரண்டையும் ஒரே காலத்தில் செய்யுங்கள். பழைய பர்னரில் மார்கழியில் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, புதுப் பர்னரில் சித்திரையில் எத்தனை நாள் வந்தது என்று ஒப்பிட்டால் பர்னரோடு சேர்த்துக் குளிரையும் வெயிலையும் ஒப்பிடுகிறீர்கள். நடுவில் பொங்கலுக்கு வந்த விருந்தாளிகளும் கணக்கில் நுழைந்துவிடுவார்கள். இன்றைக்கே இரண்டு பர்னரிலும் ஒரே பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வைத்து நேரம் பாருங்கள். எதில் முதலில் வைப்பது என்பதையும் நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.

8. ஒன்று மட்டும் மாறட்டும். தயிர்ச் சோதனை என்றால் ஒரே பாத்திரத்துப் பால், ஒரே சூடு, ஒரே உறைமோர், ஒரே மாதிரி இரண்டு கிண்ணம், ஒரே இடம். ஒன்றில் காம்பு உண்டு, மற்றதில் இல்லை. காம்பு போட்டதை அடுப்பு மேடையிலும் போடாததை ஜன்னல் ஓரத்திலும் வைத்தால், உறைய வைத்தது காம்பா கதகதப்பா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

9. அளப்பவருக்கு எது எது என்று தெரியக் கூடாது. கழுநீர்ச் செடி என்று தெரிந்தால் ஸ்கேல் அரை சென்டிமீட்டர் ஏறித்தான் நிற்கும். இது பொய் சொல்வது அல்ல. ஆசை கண்ணில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவர் தண்ணீர் ஊற்றட்டும். தொட்டியின் அடியில் மட்டும் குறி இருக்கட்டும். விஷயம் தெரியாத இன்னொருவர் அளந்து எழுதட்டும்.

10. சிக்கரியைக் கண்டுபிடிப்பேன் என்பவருக்கு எட்டு டம்ளர் வையுங்கள். "ஒரு வாய் குடித்தாலே சிக்கரி கலந்ததா என்று சொல்லிவிடுவேன்" என்பவர் பல வீடுகளில் உண்டு. நான்கு டம்ளரில் சிக்கரி கலந்த காபி, நான்கில் கலக்காதது. பால், சர்க்கரை, சூடு, நிறம் கூடியவரை ஒன்றாக இருக்கட்டும். வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். எந்த நான்கு சிக்கரி என்று அவர் சொல்லட்டும்.

இந்தச் சோதனை தேநீரில் தொடங்கியது. 1920-களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், பாசிகளை ஆராய்ந்து வந்த முரியல் பிரிஸ்டல், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று சுவையிலேயே தெரியும் என்றார். அங்கே வேலை பார்த்த ஃபிஷர் அதைச் சோதனையாக மாற்றினார். 1935-ல் வந்த அவருடைய நூலில் எட்டுக் கோப்பைக் கணக்காக அது இடம்பெற்றது.

கணக்கு இதுதான். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்ல 70-ல் 1 வாய்ப்பு, அதாவது 1.4 சதவீதம். நான்கும் சரி என்றால் அவர் நாக்கை நம்பலாம். மூன்று சரி, ஒன்று தவறு என்றால்? சும்மா ஊகித்தே மூன்றோ அதற்கு மேலோ சரியாக வர 70-ல் 17 வாய்ப்பு, 24 சதவீதம். ஒன்றுமே தெரியாத நாலு பேரில் ஒருவர் அந்த அளவு சொல்லிவிடுவார். ஆகவே "நாலுக்கு மூணு சொன்னேனே" என்பது சான்று ஆகாது.

11. முடிந்த இடத்தில் எல்லாம் ஜோடி சேருங்கள். ஒரே பாலை இரண்டாகப் பிரித்தால் இரண்டு கிண்ணமும் ஒரு ஜோடி. ஒரே செங்கல் வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தொட்டி ஒரு ஜோடி. ஒரே துணியை இரண்டாகக் கிழித்து இரண்டு சோப்புத் தூளில் துவைத்தால் அதுவும் ஜோடி. பால் கெட்டியா தண்ணியா, வெயில் உண்டா இல்லையா என்ற மற்ற வித்தியாசங்கள் ஜோடிக்குள் அடிபட்டுப் போகும். லானார்க்‌ஷயர் சோதனையைக் குறைகூறி 1931-ல் எழுதிய புள்ளியியலாளர் ஒருவர், 50 ஜோடி உருவம் ஒத்த இரட்டையரில் ஒருவருக்குப் பால் கொடுத்து மற்றவருக்குக் கொடுக்காமல் பார்த்திருந்தால் அதுவே இந்த 20,000 பேரைவிட நன்றாக விடை சொல்லியிருக்கும் என்றார். அவர் யார் என்று 14-ஆம் குறிப்பில் சொல்கிறேன்.

12. ஜோடிகளில் யார் ஜெயித்தது என்று எண்ணினாலே ஒரு சோதனை முடிந்துவிடும். தினம் ஒரு ஜோடி தயிர் வைத்து, எது கெட்டி என்று விஷயம் தெரியாதவரைச் சொல்லச் சொல்லுங்கள். காம்புக்குப் பலன் இல்லை என்றால் ஒவ்வொரு நாளும் நாணயம் சுண்டுவது போலத்தான். குறிச் சோதனை என்ற இந்த முறையில் 5 சதவீதக் கோட்டைத் தாண்ட ஒரு பக்கம் இத்தனை வெற்றி வேண்டும். வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

6 ஜோடி என்றால் 6-ம்
8 ஜோடி என்றால் 8-ம்
10 ஜோடி என்றால் 9
12 ஜோடி என்றால் 10
15 ஜோடி என்றால் 12
20 ஜோடி என்றால் 15

பத்துக்கு எட்டு நாள் காம்புத் தயிர் ஜெயித்தால் நமக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் பத்து முறை நாணயம் சுண்டினால் ஏதாவது ஒரு பக்கம் எட்டோ அதற்கு மேலோ விழ ஏறக்குறைய 11 சதவீத வாய்ப்பு இருக்கிறது. சமமாக வந்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

கணக்குப் போடும்போது

13. சீட்டைக் கலைத்துப் பாருங்கள். இருப்பதிலேயே எளிதான, ஆழமான வழி இதுதான். மிளகாய்ச் செடி முப்பதாம் நாள் இப்படி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கழுநீர்: 21, 24, 19, 25 சென்டிமீட்டர். குழாய்த் தண்ணீர்: 18, 20, 17, 22 சென்டிமீட்டர். சராசரி 22.25, 19.25. வித்தியாசம் 3 சென்டிமீட்டர். பார்த்ததும் கழுநீர் ஜெயித்துவிட்டது என்றுதான் தோன்றும்.

இந்த எட்டு எண்ணையும் எட்டுச் சீட்டில் எழுதுங்கள். கழுநீருக்குப் பலன் இல்லை என்றால், எந்த எண் எந்தப் பக்கம் போனது என்பது குலுக்கலின் வேலை மட்டுமே. ஆகவே நீங்களும் குலுக்குங்கள். முதல் நான்கு சீட்டு ஒரு பக்கம், மற்ற நான்கு மறுபக்கம். இரண்டு சராசரிக்கும் நடுவில் 3 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால் ஒரு கோடு போடுங்கள். எந்தப் பக்கம் கூடினாலும் கோடுதான். இப்படி நூறு முறை. விடுமுறையில் பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள்.

சுமார் 17 கோடு வரும். 70 வழிகளையும் முழுதாக எழுதிப் பார்த்தால் 12-ல் இந்த அளவு வித்தியாசம் இருக்கிறது. 12-ஐ 70-ஆல் வகுத்தால் 17 சதவீதம். இந்த எண்ணுக்குத்தான் பி மதிப்பு என்று பெயர். எந்தப் பலனும் இல்லாமலே ஆறு முறைக்கு ஒருமுறை வரக்கூடிய வித்தியாசத்தைத்தான் நாம் வெற்றி என்று நினைத்தோம். 5 சதவீதக் கோடு தாண்டவில்லை.

14. டி சோதனையையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அதே செடிகள். ஒவ்வொரு செடியும் தன் கூட்டத்துச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று கழித்து, அதை அதாலேயே பெருக்கிக் கூட்டுங்கள். கழுநீர்ப் பக்கம் 22.75, குழாய்ப் பக்கம் 14.75, மொத்தம் 37.5. எட்டுத் தொட்டியில் இரண்டைக் கழித்த 6-ஆல் வகுத்தால் 6.25. அதன் வர்க்கமூலம் 2.5. செடிகள் தமக்குள் வேறுபடும் அளவு, அதாவது சிதறல், இதுதான், சென்டிமீட்டரில். இதை, 1/4-ம் 1/4-ம் கூட்டியதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 1.77. கடைசியாக வித்தியாசமான 3-ஐ 1.77-ஆல் வகுத்தால் டி மதிப்பு 1.70. பாடநூலின் பின்பக்க அட்டவணையில் 6-க்கு நேரே 5 சதவீதத்துக்கு 2.45 என்று இருக்கும். 1.70 அதைத் தாண்டவில்லை. சீட்டு சொன்னதையே அட்டவணையும் சொல்கிறது.

இந்தச் சோதனையைக் கொடுத்தவர் வில்லியம் சீலி காசெட். 1899-ல் டப்ளினில் உள்ள கின்னஸ் மதுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லி ரகங்களை ஒப்பிடுவது அவர் வேலைகளில் ஒன்று. கையில் இருப்பதோ நாலைந்து அளவுகள். அன்றைய புள்ளியியல் பெரிய கூட்டத்துக்கே வழி சொன்னது. சிறு கூட்டத்துக்கான வழியை அவரே கண்டுபிடித்து 1908-ல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடத் தொழிற்சாலை அனுமதிக்கவில்லை. ஐம்பது ஜோடி இரட்டையர் போதும் என்று சொன்னவரும் இவரே.

15. தொட்டியை நாலு மடங்காக்கினால் தடுமாற்றம் பாதியாகும். பக்கத்துக்கு 16 செடி வைத்து, அதே 3 சென்டிமீட்டர் வித்தியாசமும் அதே 2.5 சிதறலும் வந்தால், வகுக்கும் எண் 1.77-லிருந்து 0.88-ஆகக் குறைகிறது. டி மதிப்பு 3.4 ஆகிறது. அட்டவணைக் கோடு 2.04. இப்போது தெளிவாகத் தாண்டிவிட்டது. செடியின் வளர்ச்சி மாறவில்லை, நம் பார்வை கூர்மையாகியிருக்கிறது. பாதியாக்க நாலு மடங்கு வேண்டும் என்பதால், இடத்தையும் நாளையும் பார்த்துத் திட்டமிடுங்கள்.

16. எக்செல் இருந்தால் ஒரு வரியில் முடியும். டி.டெஸ்ட் என்ற சார்பில் இரண்டு கூட்டத்து எண்களையும் கொடுத்து, மூன்றாவதாக 2 என்று எழுதுங்கள். இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்கிறோம் என்று பொருள். கடைசி எண்ணில்தான் கவனம் வேண்டும். ஜோடி என்றால் 1. இரண்டு கூட்டத்தின் சிதறலும் ஒன்று என்று கொண்டால் 2. சிதறல் வேறு வேறு என்றால் 3. வெல்ச் என்பவர் சொன்ன முறை அது. சந்தேகமாக இருந்தால் 3 போடுங்கள். ஜோடியாகச் செய்ததை மட்டும் மறந்தும் 2, 3 என்று கொடுக்காதீர்கள். ஜோடி சேர்த்த பலனெல்லாம் வீணாகிவிடும்.

17. ஒரு எண் மட்டும் தாறுமாறாக நின்றால் வரிசை எண்ணுக்கு மாறுங்கள். ஏழு செடி 20-ஐ ஒட்டி இருக்க ஒன்று மட்டும் 60 சென்டிமீட்டர் என்றால் சராசரி அதன் பின்னால் ஓடிவிடும். எல்லாவற்றையும் குட்டையிலிருந்து உயரம் வரை நிறுத்தி 1, 2, 3 என்று இடம் கொடுங்கள். ஒரு பக்கத்து இடங்களைக் கூட்டுங்கள். நம் செடிகளில் கழுநீர்ப் பக்கம் 3, 5, 7, 8 என்று 23 வருகிறது. நான்குக்கு நான்கு வைத்தால் கோட்டைத் தாண்ட 26 வேண்டும், அதாவது உயரமான நான்கும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். வில்காக்சன் 1945-லும், மான், விட்னி இருவரும் 1947-லும் வெளியிட்ட முறை இது. ஆடு கடித்த செடியைக் கணக்கில் விடுவதா என்பதை மட்டும் அளப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

18. எண்ணிக்கைக்குக் கை-வர்க்கச் சோதனை. முளைத்தது, முளைக்கவில்லை என்று எண்ணும் விஷயங்களுக்குச் சராசரி பயன்படாது. புது விதை 20-ல் 18 முளைத்தது, போன வருட விதை 20-ல் 10 முளைத்தது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் இல்லை என்றால் மொத்தம் முளைத்த 28-ல் பக்கத்துக்கு 14 வந்திருக்க வேண்டும். முளைக்காததில் பக்கத்துக்கு 6. நான்கு கட்டத்திலும் கிடைத்ததற்கும் வந்திருக்க வேண்டியதற்கும் வித்தியாசம் 4. அதன் வர்க்கம் 16. 16-ஐ 14-ஆல் வகுத்தது இரண்டு முறை, 6-ஆல் வகுத்தது இரண்டு முறை, எல்லாம் கூட்டினால் 7.6. இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் 5 சதவீதக் கோடு 3.84. தாண்டிவிட்டது, பழைய விதையை மாற்றுங்கள். கார்ல் பியர்சன் 1900-ல் தந்த முறை இது. வந்திருக்க வேண்டிய எண் 5-க்குக் குறைவாக இருந்தால் இதை விட்டு, காபி டம்ளருக்குப் போட்டது போல வழிகளை எண்ணும் ஃபிஷர் சோதனைக்குப் போங்கள்.

தீர்ப்பு சொல்லும் முன்

19. பி மதிப்பைத் தப்பாகப் படிக்காதீர்கள். பி 3 சதவீதம் என்றால் "குறிப்பு உண்மையாக இருக்க 97 சதவீத வாய்ப்பு" என்று பொருள் இல்லை. படித்தவர்களும் இங்கே வழுக்குகிறார்கள். பலனே இல்லை என்று கொண்டால் இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் வருவது நூற்றில் மூன்று முறைதான் என்பது மட்டுமே பொருள்.

20. இரண்டு விதமாகத் தவறலாம் என்பதை நினைவில் வையுங்கள். காற்றுக்குக் கதவு ஆடினதை ஆள் வந்ததாக நினைத்து ஓடுவது ஒன்று. வாசலில் ஆளே நிற்க, காற்று என்று இருந்துவிடுவது மற்றொன்று. இல்லாத பலனை உண்டு என்பது முதல் வகைப் பிழை. இருக்கும் பலனைத் தவறவிடுவது இரண்டாம் வகைப் பிழை. கோட்டை இறுக்கினால் முதலாவது குறைந்து இரண்டாவது கூடும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க எளிய வழி தொட்டிகளைக் கூட்டுவதும் கவனமாக அளப்பதும்தான். "நிரூபணமாகவில்லை" என்றால் "பலன் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். நம் எட்டுச் செடிக்குச் சரியான தீர்ப்பு, "இன்னும் தெரியவில்லை, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும்."

21. எவ்வளவு வித்தியாசம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். எட்டுச் செடிக் கணக்கில் உண்மையான வித்தியாசம் கழுநீர் பக்கம் 1.3 சென்டிமீட்டர் குறைவு முதல் 7.3 சென்டிமீட்டர் கூடுதல் வரை எங்கும் இருக்கலாம். 3-ஐ நடுவில் வைத்து, 2.45-ஐ 1.77-ஆல் பெருக்கிக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் இது வரும். பக்கத்துக்கு 16 செடி என்றால் 1.2 முதல் 4.8 வரை. இந்த எல்லைகள் பி மதிப்பைவிட அதிகம் சொல்லும். வித்தியாசம் உறுதியாக இருந்தும் அற்பமாக இருக்கலாம். சிலிண்டர் அரை நாள் கூடுதலாக வருவது உண்மையே என்றாலும், அதற்காக விலை கூடிய பர்னர் வாங்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

22. நிறையக் குறிப்புகளைச் சேர்த்துச் சோதித்தால் கோட்டை இறுக்குங்கள். பலனே இல்லாத 20 குறிப்புகளைத் தனித்தனியாக 5 சதவீதக் கோட்டில் சோதித்தால், ஒன்றாவது பலித்ததாகக் காட்ட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றுதான் ஊரெல்லாம் பரவும். 5-ஐக் குறிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுங்கள். 20 குறிப்பு என்றால் கோடு 0.25 சதவீதம். உயரம், இலை எண்ணிக்கை, பூ, காய் என்று பலதை அளந்து, ஜெயித்ததை மட்டும் சொல்வதும் இதே தவறுதான். அதுபோலத் தினமும் கணக்குப் போட்டுப் பார்த்து, கோடு தாண்டிய நாளில் சோதனையை நிறுத்தாதீர்கள். முப்பது நாள் என்று எழுதினால் முப்பது நாள்.

23. உடம்பு விஷயத்தை வீட்டில் சோதிக்காதீர்கள். சளி பொதுவாக ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும். அது உச்சத்தில் இருக்கும்போது எதைக் குடித்தாலும் குடித்தது கேட்டதாகத்தான் தெரியும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மருந்தை நிறுத்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அதற்கு மருத்துவர்கள் முறையாகச் செய்த சோதனைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1948-ல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள்.

அடுத்த பெரிய கேள்விக்கு விடை சொன்னது நம் சென்னை. காசநோய்க்காரர் சானடோரியத்தில்தான் இருக்க வேண்டுமா, வீட்டிலேயே மருந்து சாப்பிடலாமா? 1956-ல் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் பிரித்தார்கள். வீடு என்றால் வறுமையும் நெருக்கடியும் நிறைந்த வீடுகள். நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில்தான் இருந்தன. அப்படியும் ஓராண்டுச் சிகிச்சையில் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றியதாகவும் தெரியவில்லை. இன்று உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுவதற்கு இந்த ஒப்பீடு முக்கியமான காரணம். எல்லோரும் நம்பிய ஒன்றைச் சீட்டுக் குலுக்கிச் சோதித்ததால் எத்தனையோ குடும்பங்கள் பிரியாமல் இருந்தன.

24. குறிப்போடு கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். "கழுநீர் ஊற்றினால் செடி வளரும்" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை தொட்டி, எத்தனை நாள், எவ்வளவு வித்தியாசம், சீட்டைக் கலைத்ததில் நூற்றுக்கு எத்தனை கோடு என்று நாலு எண்ணையும் சொல்லுங்கள். கேட்பவர் தம் வீட்டில் மறுபடி செய்து பார்க்கலாம். இரண்டு மூன்று வீடுகளில் தேறினால் அதை நம்பிக்கையோடு பிள்ளைகளுக்கு எழுதி வையுங்கள். பலிக்காத குறிப்பையும் மறைக்காமல் அதே நோட்டில் எழுதுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். அவர்களுடைய முப்பது நாளும் எட்டுத் தொட்டியும் மிச்சமாகும்.